படி நிறைஞ்சாத்தான் கிலோ

ஆவூர் மேலத்தெருவுல துணி தொவைக்கிற பொடி வாங்கணும்னா ரெண்டு பேரக் கேக்கணும். ஒண்ணு, மடியில இருக்கிற காசு. இன்னொண்ணு, சூசைமேரி. காசு சரின்னு சொன்னாலும் சூசைமேரி வேணாம்னுட்டா அந்தப் பொடி தெருவுக்குள்ள நுழையாது. அப்படி ஒரு பேரு அவளுக்கு. சும்மா வந்த பேரில்ல, பாடுபட்டுச் சம்பாதிச்ச பேரு. அந்தப் பேராலதான் பின்னாடி அவ கூனிக்குறுகிப் போனா. அதத்தான் சொல்ல வாரேன்.

அவ புருசன் ஆரோக்கியமுத்து பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. காக்கிச் சட்டையக் கழட்டுன நாள்லேருந்து வெள்ளைச் சட்டையத் தவிர வேற போட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிற மனுசன். ஆவூர் போர்த்தண்ணியோ சப்புத் தண்ணி. நல்ல சோப்பே அதுல நுரைக்க யோசிக்கும். வெள்ளைச் சட்டையும் சப்புத் தண்ணியும் ஒரு வீட்டுல சேந்தா, நடுவுல மாட்டுன பொம்பளைக்குப் பொடியப் பத்தித் தெரிஞ்சுதானே ஆகணும்? சூசைமேரிக்குத் தெரிஞ்சுச்சு. எந்தப் பொடி வாசனைக்கு, எது நுரைக்கு, எது நெசமாவே அழுக்குக்கு, எல்லாம் விரல் நுனியில.

கடையில பொடி வாங்கினா பக்கெட் இலவசம்னு போட்டிருந்தா தெருவே ஓடும். இவ நகர மாட்டா. "பக்கெட்டு சும்மா குடுக்க அவன் என்ன ஒனக்கு மாமன் மச்சானா? பொடியிலதான்டி பக்கெட் காசு இருக்கு"ம்பா. எக்ஸ்ட்ரா எக்ஸ்ட்ரான்னு கவர்ல பெருசா அச்சடிச்சிருந்தா, போன மாசத்துக் கவர எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாப்பா. பெரிய பாக்கெட்ட விட பத்து ரூவாப் பாக்கெட்ட சேத்து வாங்குறது மலிவுன்னு அவதான் கண்டுபிடிச்சா. அந்த ரகசியம் வித்த கடைக்காரனுக்கே தெரியாது. "எதுக்குக்கா இம்புட்டு மெனக்கெடுறீங்க, ஒங்க மகன் மெல்வின்தான் கத்தார்ல இருந்து அனுப்புறான்ல"ன்னு எதுத்த வீட்டு ஜெனிபர் கேட்டா, "அவன் வெயில்ல நின்னு அனுப்புறான், நான் நெழல்ல ஒக்காந்து ஏமாறவா?"ம்பா. நாயமான பேச்சுதானே.

அவகிட்ட ஒரு எவர்சில்வர் படி இருந்துச்சு. அரிசியோ பருப்போ சீனியோ, எது வந்தாலும் படியில கொட்டிப் பாக்காம டப்பாவுக்குள்ள போகாது. ஒரு கிலோ பருப்புன்னா இந்த மட்டம், ஒரு கிலோ சீனின்னா இந்த மட்டம்னு அவ கண்ணே அளந்திரும். ஒருதரம் விராலிமலை சந்தையில பருப்பு யாவாரி ஒருத்தன் எடையில கைய வச்சுட்டான். வீட்டுல வந்து படியில கொட்டுனா, வழக்கமா வாரத விட ஒரு விரக்கடை கீழ நிக்கிது. இவ விடுவாளா? அடுத்த பஸ்ஸுலயே படியத் தூக்கிக்கிட்டுப் போய் சந்தையில அத்தனை பேரு முன்னாடியும் அளந்து காட்டுனா. யாவாரி மொகத்துல ஈயாடல. கொறஞ்ச பருப்புக்கு மேல ரெண்டு கை அள்ளிப் போட்டுக் கும்புடு போட்டான். அன்னையிலேருந்து படிக்கு மேலத்தெருவுல கோர்ட்டுத் தீர்ப்பு கணக்கா மரியாதை. துணிப்பொடிக்கும் அவ ஒரு சட்டம் வச்சிருந்தா. எந்தக் கம்பெனிப் பொடியா இருந்தாலும் ஒரு கிலோன்னா படி நெறையணும். படி நிறைஞ்சாத்தான் கிலோ.

இப்படி இருக்கையிலதான் புவனேஸ்வரி வந்தா.

விராலிமலைக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊர்க்காரி. முப்பது முப்பத்திரெண்டு வயசிருக்கும். புருசனுக்கு மரத்துலேருந்து விழுந்து இடுப்பு போயிருச்சு, வெவசாயத்துக்கு ஆகல. மகளிர் குழுவுல துணிப்பொடி செய்யப் பழகிக்கிட்டு, வீட்டுலயே கலந்து, கிலோக் கவரா கட்டி, டிவிஎஸ் வண்டியில வச்சு ஊர் ஊரா வித்தா. ஆவூருக்கு சனிக்கெழம. கம்பெனிப் பொடி வெலையில பாதிக்குக் கொஞ்சம் மேல. கவர்ல பேரு கெடையாது, படம் கெடையாது.

மேலத்தெரு முக்குல வண்டிய நிறுத்துனா. பொம்பளைங்க சுத்தி நின்னாங்க, யாரும் கைய நீட்டல. எல்லாரும் சூசைமேரி மொகத்தத்தான் பாத்தாங்க. சூசைமேரி ஒரு கவரப் பிரிச்சு, பொடிய விரல்ல நிமிண்டி, மோந்து பாத்து, "சரி, ரெண்டு கிலோ குடு. பாத்துட்டுச் சொல்றேன்"ன்னா. அவ ரெண்டு கிலோ வாங்கிட்டான்னதும் ஆளாளுக்கு ஒரு கிலோ வாங்கிட்டாங்க. புவனேஸ்வரி போகும்போது, "பெரியம்மா, ஒங்க கைராசி"ன்னு சிரிச்சுட்டுப் போனா.

வீட்டுக்கு வந்து ஒரு கவரப் பிரிச்சுப் படியில கொட்டுனா சூசைமேரி. முக்கால் படிதான் வந்துச்சு.

தட்டிப் பாத்தா, இன்னும் கீழ எறங்குச்சு. கவர ஒதறிப் பாத்தா. ஒண்ணுமில்ல. அவளுக்கு வந்துச்சு பாருங்க கோவம். காசு போன கோவம் இல்ல அது. தன்னப் பாத்து அத்தன பேரும் வாங்கியிருக்காங்களே, அந்தக் கோவம். தன் கண்ணுலயே ஒரு சின்னப் பொண்ணு மண்ணத் தூவிட்டான்னு நெனச்சா. இன்னொரு கவரப் பிரிக்கல. சாட்சிக்கு இருக்கட்டும்னு முடிச்சோட மேல் பலகையில வச்சுட்டா.

அடுத்த சனிக்கெழம புவனேஸ்வரி வண்டிய நிறுத்தி ஸ்டாண்டு போடுறதுக்குள்ள சூசைமேரி படியோட வந்து நின்னா. பின்னாடியே தெரு.

"ஏம்மா, ஒரு கிலோவா இது?"

"ஒரு கிலோதான் பெரியம்மா. நிறுத்துதான் கட்டுனேன்."

"யாரு தராசுல?"

"என் தராசுலதான்."

"அதானே. ஒன் தராசு ஒனக்குச் சொன்னபடி கேக்குது. இங்க பாரு, முக்கால் படி. உள்ளூர்லயும் வெளியூர்லயும் எத்தன பொடி அளந்திருக்கேன், ஒண்ணு கூட இப்படி வந்ததில்ல. கிலோவுக்குக் கால் கிலோ அமுக்குறியே, வயித்துக்குச் சோறுதான் திங்கிறியா? புருசன் படுத்துக் கெடக்கான்னு பாவப்பட்டு வாங்கினா எங்க தலையிலயே மொளகா அரைக்கிறியே. இதுக்குப் பேரு யாவாரமில்ல, திருட்டு."

புவனேஸ்வரி படியப் பாத்தா, இவளப் பாத்தா. அவளுக்கே ஏன் முக்கால் படி வருதுன்னு அந்த நேரத்துல சொல்லத் தெரியல. அவ எப்பவும் நிறுத்துக் கட்டுறவ, படியில அளந்து பாத்ததே இல்ல. "இல்ல பெரியம்மா, எங்க புள்ளைங்க மேல சத்தியமா"ன்னு ஆரம்பிச்சா. "புள்ளைங்கள இழுக்காத"ன்னு சூசைமேரி அதட்டுனா. பின்னாடி நின்னவங்க ஆளாளுக்கு, "எங்க கவரும் கொறஞ்சுதான் இருந்துச்சு", "அப்பவே லேசா சந்தேகப்பட்டேன்"னாங்க. யாரும் எதையும் சந்தேகப்படல. சும்மா அடிச்சு விட்டாங்க. தெருன்னா அப்படித்தானே.

புவனேஸ்வரி பைய அவுத்து வாங்குனவங்க எல்லாருக்கும் காசத் திருப்பிக் குடுத்தா. சூசைமேரியும் கைய நீட்டி வாங்குனா. பொடியத் திருப்பிக் குடுக்கணும்னு தோணல. புவனேஸ்வரியும் கேக்கல. "பொடிய வச்சுக்கங்க பெரியம்மா. தொவச்சுப் பாருங்க"ன்னு மட்டும் சொன்னா. வண்டிய ஓட்டாம தள்ளிக்கிட்டே முக்கு திரும்புற வரைக்கும் போனா.

அன்னைக்கு சாயங்காலம் மேலத்தெருவுல சூசைமேரி பேச்சுத்தான். "எமகாதகிக்கா நீங்க"ன்னா ஜெனிபர். சூசைமேரிக்கு வாயெல்லாம் பல்லு.

அது தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாளு. கோயில் பீடத்துணி தொவைக்கிறது அன்பியம் அன்பியமா, அதாவது தெருக்குழு தெருக்குழுவா, மொறை வச்சு செய்வாங்க. குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் மேலத்தெரு மொறை. பீடத்துணி தொவைக்கிறது நம்ம வேட்டி தொவைக்கிற மாதிரி இல்ல. பூசையில ரசக் கிண்ணத்தத் தொடைக்கிற சின்னத் துணிகள மொதல்ல தனியா அலசி, அந்தத் தண்ணிய சாக்கடையில ஊத்தாம, கால் படாத எடத்துல மண்ணுல ஊத்தணும். சூசைமேரி அத மல்லிச்செடி மூட்டுல ஊத்துவா. அதுக்கப்புறம்தான் பொடி போடணும். வீட்டுல கம்பெனிப் பொடி தீந்து போயிருந்துச்சு. விராலிமலைக்கு யாரு போவா இந்த வெயில்லன்னு, பிரிச்சு வச்சிருந்த அந்தப் பொடியையே ஒரு கை போட்டா. வழக்கமா ரெண்டு கை போடுவா. திருட்டுப் பொடிக்கு இது போதும்னு ஒரு கை.

சப்புத் தண்ணியில நுரை பெருசா வரல. ஆனா துணிய அலசி எடுத்தா, மெழுகு ஒழுகுன எடத்துல எப்பவும் நிக்கிற பழுப்பு இல்ல. ஓரத்துல திராட்சை ரசக்கறை இல்ல. கொடியில போட்டப்ப கண்ணு கூசுச்சு. சூசைமேரி கொடிக்குக் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. மனசுல என்னமோ ஒண்ணு லேசா நெருடுச்சு. வெயிலு நல்லா அடிக்குது, அதான்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா.

துணியக் கொண்டு போய்க் குடுத்தப்ப கோயில் சிஸ்டர் விரிச்சுப் பாத்துட்டு, "இத்தன வருசத்துல இப்படி வெளுத்ததில்லியே. என்ன பொடிங்க போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. சூசைமேரி வாய் கூசாம ஒரு கம்பெனிப் பேரச் சொன்னா. கோயிலுக்குள்ள, நற்கருணைப் பேழைக்கு முன்னாடி, காசு திருப்பி வாங்கின பொடியில தொவச்ச துணியக் கையில வச்சுக்கிட்டு பொய் சொன்னா. வெளிய வந்து செருப்பு மாட்டும்போதுதான், என்னத்துக்கு இந்தப் பொய்யச் சொன்னோம்னு அவளுக்கே வெளங்கல.

ஈஸ்டர் அன்னைக்கு விடிஞ்சும் விடியாம பால்ராஜ் கறிக்கடையில கூட்டம் அள்ளுச்சு. நோன்பு இருந்து நாக்கு செத்துப் போன சனம். சூசைமேரி பைக்குள்ள கறிக்குப் பாத்திரத்தோட, பிரிக்காம வச்சிருந்த அந்த இன்னொரு கவரையும் போட்டுக்கிட்டுப் போனா. எதுக்குன்னா, நெருடல். பால்ராஜ் தராசு எலக்ட்ரானிக் தராசு, புது தராசு. தெரு முழுக்க அங்க நிக்கும். எல்லாரு முன்னாடியும் ஒருதரம் நிறுத்து, கால் கிலோ கொறையிதுன்னு காட்டிட்டா மனசு அடங்கிரும்னு நெனச்சா. சிஸ்டர்கிட்ட சொன்ன பொய் கூட அப்ப பொய்யாத் தெரியாதுன்னு நெனச்சாளோ என்னவோ.

"பால்ராஜ், கறி போடுறதுக்கு முன்னாடி இத ஒருக்கா வையி."

"என்னக்கா, கறிக்கடையில சோப்புப் பொடியா? குழம்பு பொங்கவா?"ன்னு அவன் சிரிச்சுக்கிட்டே தட்டத் தொடச்சு ஒரு தாளப் போட்டு மேல வச்சான். தராசுல நம்பர் அவன் பக்கம் பாத்துத்தான் எரியும். சூசைமேரி சுத்திக்கிட்டு அவன் பக்கம் போய்ப் பாத்தா.

ஒரு கிலோ. அதுக்கு மேலயும் கொஞ்சம் கூடவே காட்டுச்சு. கவருக்குக் கழிச்சா கூட கிலோவுக்குக் கொறையாது.

"எடுத்துட்டு மறுபடி வையி."

வச்சான். அதே நம்பர்.

அவளுக்கு அந்த நிமிசமே எல்லாம் வெளங்கிருச்சு. பொரி ஒரு படியும் அரிசி ஒரு படியும் ஒரே எடையா இருக்குமா? படி வாங்கின நாள்லேருந்து அரிசிக்கு ஒரு மட்டம் பருப்புக்கு ஒரு மட்டம்னு கண்ணால அளந்தவ அவ. பொடிக்கு மட்டும் எல்லாம் ஒரே மட்டம்னு யாரு சொன்னா? அவளே சொன்னா, அவளே நம்புனா. கம்பெனிப் பொடி பொரி மாதிரி உப்பிப் போயி படிய நெறைக்கிது. இந்தப் பொண்ணோட பொடி கனத்து அடங்கிக் கெடக்குது. சரக்கு அதுலதான் இருக்கு. அதான் ஒரு கைக்கே துணி அப்படி வெளுத்துச்சு. அடிப்பாவி, இது தெரியாதவளா நானுன்னு காது மடலு சுட்டுச்சு.

அப்பப் பாத்து கூட்டத்துலேருந்து ஜெனிபர் எக்கிப் பாத்து, "என்னக்கா, எம்புட்டு கொறையுது?"ன்னா.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சூசைமேரி வாயத் தொறந்தா. கொறையலன்னு ஒத்தச் சொல்லு. அது வரல. நம்பர் அவளுக்கும் பால்ராஜுக்கும் மட்டும்தான் தெரியும். கவர வெடுக்குன்னு எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, "அவ பேச்ச எதுக்கு இன்னைக்கு நல்ல நாளும் அதுவுமா. விடு"ன்னா.

"பாத்தீங்களா, நான் சொல்லல?"ன்னு யாரோ சொன்னாங்க. "ரொம்பக் கொறஞ்சிருக்கும், அக்கா வாய விட்டுச் சொல்ல மாட்டேங்கிறாங்க"ன்னு இன்னொருத்தி.

பால்ராஜ் கத்தியக் கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிசம் அவளையே பாத்தான். அப்புறம், "எத்தன கிலோக்கா?"ன்னு கறியப் பாத்துக் கேட்டான். வழக்கமா நல்ல கறியா பாத்துப் போடு, எலும்பத் தள்ளுன்னு நூறு சொல்லுவா. அன்னைக்கு அவன் போட்டத வாங்கிட்டு வந்துட்டா. எடையக் கூடப் பாக்கல.

அந்த ஈஸ்டர் கொழம்ப எல்லாருக்கும் ஊத்திட்டு அவ வெறும் மோருல பெசஞ்சு தின்னா. வெக்கம்னா வெக்கம், அப்படி ஒரு வெக்கம். பெத்த புள்ள முன்னாடி அடி வாங்கின மாதிரி. அதுலயும், தப்பா அளந்தத விட, தெரிஞ்ச பெறகும் வாய மூடிக்கிட்டு வந்ததுதான் அவளப் பிடுங்கித் தின்னுச்சு. தெரியாமப் பேசினதுக்கு ஒரு சாக்கு இருக்கு. கறிக்கடையில நின்னதுக்கு என்ன சாக்கு?

நெல்லக் கொட்டினா அள்ளிரலாம், சொல்லக் கொட்டினா அள்ள முடியாதும்பாங்க. சூசைமேரி அள்ளத்தான் பாத்தா. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில ஒக்காந்தா. தன் மொறை வந்து மண்டி போட்டு, புருசன ஏசினது, காலைப் பூசைக்குப் போகாதது எல்லாத்தையும் சொன்னா. இத மட்டும் மென்னு முழுங்கிட்டா. சாமியார் பரிகாரமா சொன்ன செபத்த செபிச்சுக்கிட்டு இருக்கும்போதே, பாவத்த வீட்டுல வச்சுட்டு வந்து பரிகாரம் மட்டும் செய்யிறோமேன்னு அழுகை வந்துச்சு. சனிக்கெழம சனிக்கெழம டிவிஎஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு வருவா. அது வேற யாரோட வண்டியாவோ இருக்கும், இல்லன்னா முக்குலயே நின்னு திரும்பிப் போயிரும். புவனேஸ்வரி அதுக்கப்புறம் ஆவூர்ப் பக்கம் தலை வச்சுப் படுக்கலன்னுதான் நெனச்சா.

"மேரி, ஒனக்கு ஒடம்பு சரியில்லியா? பேச்சக் காணோம்"ன்னு ஆரோக்கியமுத்து கேட்டாரு. "வெயிலு"ன்னா.

கடைசியில, கோடை மழை ஒண்ணு பேஞ்ச மறுநாளு, பஸ் ஏறிட்டா. விராலிமலையில எறங்கி, மினி பஸ் புடிச்சு, விசாரிச்சுப் போனா. போகும்போதே மனசுக்குள்ள ஒரு திட்டம். மன்னிப்புன்னு வாயத் தொறக்க வேண்டியதில்ல. பத்து கிலோவா வாங்கிருவோம், பேரம் பேசாம. வாங்குன காசத் திருப்பிக் குடுத்த மாதிரியும் ஆச்சு, அவளுக்கும் மனசு ஆறிரும். இவ புத்தி அங்கயும் யாவாரத்தத்தான் பாத்துச்சு. மன்னிப்புலயும் மலிவா ஒண்ணு கெடைக்குமான்னு தேடுச்சு.

புவனேஸ்வரி வீட்டு வாசல்ல தார்ப்பாய விரிச்சு, மூக்குல துணியக் கட்டிக்கிட்டு, மம்புட்டியால பொடியக் கலந்துக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தவ, மூக்குத் துணிய எறக்கிட்டு, "வாங்க பெரியம்மா"ன்னா. வெரட்டுவான்னு நெனச்சுப் போனவளுக்கு அந்த வாங்கவே ஒரு அறை மாதிரி இருந்துச்சு. சேரப் போட்டா. மோரு கொண்டாந்து குடுத்தா. உள்ள கட்டில்ல அவ புருசன் தலையத் தூக்கிப் பாத்துக் கும்புட்டான். யாரு வந்திருக்கான்னு அவனுக்குத் தெரியல போல.

"பத்து கிலோ வேணும்த்தா."

"தாரேன் பெரியம்மா."

புவனேஸ்வரி எந்திரிச்சுப் போய் ஒரு மூட்டையப் பிரிச்சா. தராசுல கவர வச்சு ஒரு கிலோ நிறுத்தா. அப்புறம் பக்கத்துல கையக் கொண்டு போயி ஒரு எவர்சில்வர் படிய எடுத்தா. புதுப் படி. நிறுத்த பொடிய அதுல கொட்டுனா. படி நெறஞ்சு மேல கோபுரமா நின்னுச்சு.

"பாத்துக்கங்க. இப்ப நெறையிது."

சூசைமேரி மோரக் கீழ வச்சுட்டா. "என்னத்தா பண்ணுன?"

"லேசா வெள்ளையா ஒரு பொடி விக்கிறாங்க பெரியம்மா. வெல கம்மி. அழுக்குக்கு ஒண்ணும் செய்யாது, சும்மா உப்பிக் காட்டும். அத நம்ம பொடியோட பாதிக்குப் பாதி சேத்துட்டேன். நீங்க சொன்னது ஆவூரோட நிக்கல. அக்கா சொந்தம் தங்கச்சி சொந்தம்னு நான் விக்கிற எல்லா ஊருக்கும் போயிருச்சு. போற எடமெல்லாம் படியக் கொண்டாந்துதான் அளந்தாங்க. நிறுத்துக் காட்டுனேன். தராசுல ஏதோ பண்ணிருக்கேன்னாங்க. ரெண்டு மாசம் ஒரு கவர் போகல. அவருக்கு மாத்திரை வாங்கணும்ல. அதான் கேட்ட மாதிரியே குடுத்துட்டேன். எடை இப்பவும் ஒரு கிலோதான். சரக்குதான் பாதி." அவ கொரல்ல கோவம் இல்ல. கடையில ஸ்டாக் சொல்ற மாதிரி சொன்னா. "இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நல்ல பொடிங்கிறாங்க."

அதுக்கு மேல சூசைமேரியால பொறுக்க முடியல. "நான் நிறுத்துப் பாத்தேன்த்தா. ஈஸ்டர் அன்னைக்கு, பால்ராஜ் கடையில. ஒன் கவரு கிலோவுக்கு மேல இருந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க. நான் சொல்லல." சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டா. முந்தானையால மொகத்த மூடிக்கிட்டு அழுதா.

இவ அழுது முடிக்கிறதுக்குள்ள புவனேஸ்வரி படியில இருந்த பொடியக் கவர்ல போட்டுக் கட்டுனா. அப்புறம் சொன்னா, "எனக்குத் தெரியும் பெரியம்மா. பால்ராஜ் அண்ணன் அடுத்த நாளே போன் போட்டுச் சொல்லிட்டாரு. அவரு வீட்டுல நம்ம பொடிதான். சரி, அந்தப் பெரியம்மாவுக்கே தெரிஞ்சிருச்சு, தெருவுல சொல்லிருவாங்க, நம்ம பேரு திரும்பிரும்னு சந்தோசப்பட்டேன். அந்த சனிக்கெழம வண்டியில பொடிய ஏத்திக்கிட்டு ஒங்க தெரு முக்குக்கு வெளிய வந்து நின்னேன். யாராவது கூப்புடுவீங்கன்னு. அதுக்கடுத்த சனிக்கெழமயும் நின்னேன். அப்புறந்தான் இந்த வெள்ளப் பொடிய வாங்கினேன்."

சூசைமேரிக்கு அந்த டிவிஎஸ் சத்தம் ஞாபகம் வந்துச்சு. தெருவுக்குள்ள வராம முக்குலயே நின்னு திரும்புன சத்தம்.

"சனிக்கெழம வாத்தா"ன்னா. "தெருவுக்குள்ள வா. நான் சொல்றேன். எல்லாரு முன்னாடியும் சொல்றேன்."

வந்தா. வண்டி முக்குல நின்னதும் பொம்பளைங்க ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் ஜெனிபர், ஒரு கவரப் பிரிச்சு, "யக்கா, ஒங்க படியக் கொண்டாங்க"ன்னா. சூசைமேரி படியோட வந்தா. கொட்டுனாங்க. கோபுரமா நெறஞ்சுச்சு.

தெரு முழுக்க ஒரு சிரிப்பு. "பாத்தீங்களா, அக்கா போட்ட ஒரு சத்தத்துல எப்படி வழிக்கு வந்துருச்சு"ன்னா ஜெனிபர். "கேக்க ஆளிருந்தாத்தான் யாவாரம் நேரா நடக்கும்." நாலஞ்சு பேரு சூசைமேரியத் தோள்ல தட்டிக் குடுத்தாங்க. புவனேஸ்வரி வண்டிப் பொட்டியப் பாத்துக்கிட்டு நின்னா.

சூசைமேரி படியக் கீழ வச்சா. "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க"ன்னா. கொரலு அவளுக்கே யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. "இந்தப் புள்ள திருடல. மொதல்ல கொண்டாந்த பொடி கிலோவுக்கு மேலயே இருந்துச்சு. நான் பால்ராஜ் கடையில நிறுத்துப் பாத்தேன். கனமான பொடி, அதான் படி நெறையல. அது நல்ல பொடி. பீடத்துணி அதுலதான் தொவச்சேன், சிஸ்டர்கிட்டப் பொய் சொன்னேன். ஒங்ககிட்டயும் மறைச்சேன். இப்ப நெறையிது பாருங்க, இதுல பாதி சும்மாப் பொடி. நம்ம படிக்காக அவ சேத்தது. நான்தான் கெடுத்தேன்."

சொல்லிட்டு, ஏசுவாங்கன்னு காத்துக்கிட்டு நின்னா. ஏசினா நல்லா இருக்கும்னு கூட இருந்துச்சு.

யாரும் ஏசல. ஜெனிபர்தான் மெதுவா, "அதெல்லாம் இருக்கட்டும்க்கா. நடந்தது நடந்துபோச்சு. இப்ப படி நெறையிதுல்ல, அது போதும்"ன்னு சொல்லி, "எனக்கு ரெண்டு கிலோ போடும்மா"ன்னு புவனேஸ்வரி பக்கம் திரும்பிட்டா. மத்தவங்களும் கைய நீட்டுனாங்க. அந்தச் சட்டத்த அவங்களுக்குக் கத்துக் குடுத்ததே சூசைமேரிதான். நல்லாத்தான் கத்துக்கிட்டிருந்தாங்க.

எல்லாரும் வாங்கிட்டுப் போன பெறகு புவனேஸ்வரி பொட்டிக்கு அடியிலேருந்து ஒரு கவர எடுத்தா. முக்கால் படி கவரு. "ஒங்களுக்குன்னு பழைய மாதிரியே பொடி ஒண்ணு தனியாக் கலந்து கொண்டாந்தேன் பெரியம்மா."

சூசைமேரி அந்தக் கவரத் தொட்டுப் பாத்தா. கனமா இருந்துச்சு. திருப்பி அவ கையிலயே குடுத்தா.

"எல்லாருக்கும் போட்டதையே எனக்கும் போடுத்தா."

இப்ப மேலத்தெருவுல எல்லார் வீட்டுலயும் அந்தப் பொடிதான். ஆரோக்கியமுத்து பூசைக்குப் போகும்போது சட்டைக் காலரத் திருப்பிப் பாத்து, "என்ன மேரி இது, அழுக்கு நின்னபடி நிக்கிது. யாருகிட்ட ஏமாந்த?"ன்னு கேப்பாரு.

"யாருகிட்டயும் ஏமாறலங்க. நான் கேட்டு வாங்குனதுதான்"ன்னு சொல்லிட்டு, சட்டைய வாங்கி மறுபடி தண்ணியில போட்டு, கையாலயே கசக்குவா.